அந்த நிறம் எங்கிருந்து வந்தது? கலர் போட்டோ பிறந்த கதை

பஸ்லயோ மெட்ரோலயோ ஹெட்போன் போட்டுக்கிட்டு இதைக் கேட்டுக்கிட்டு இருந்தீங்கன்னா, வீட்டுக்குப் போனதும் ஒரு சின்ன வேலை செஞ்சு பாருங்க. ஃபோன்ல வெள்ளையா ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, அது மேல விரல் நுனியால பொட்டு மாதிரி ஒரு துளி தண்ணி வைங்க. அந்தத் துளி பூதக்கண்ணாடி மாதிரி வேலை செய்யும். உத்துப் பார்த்தா சிவப்பு, பச்சை, நீலம்னு குட்டிக் குட்டிப் புள்ளிகள் தெரியும். வெள்ளைன்னு நீங்க நினைச்ச இடத்துல வெள்ளையே கிடையாது. மூணு நிறம்தான் இருக்கு. மிச்ச வேலையை உங்க கண்ணு பார்த்துக்குது.

இந்த மூணு புள்ளிக்குப் பின்னாடி ஒரு பழைய கதை இருக்கு. அதுல ஒரு பாதிரியார் வர்றார், ஒரு இயற்பியலாளர் வர்றார், ஒரு கவிஞர் வர்றார், ரஷ்யப் பேரரசர் வர்றார், கடைசியில உருளைக்கிழங்கும் வருது. கலர் போட்டோ எப்படிப் பிறந்ததுங்கிறதுதான் இன்னைக்கு நம்ம பேச்சு. கேட்கும்போது ஒரே ஒரு கேள்வியை மட்டும் கையில வெச்சுக்கங்க. படத்துல தெரியுற அந்த நிறம் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வி இன்னைக்கு உங்க ஃபோனுக்கும், உங்க வீட்டு ஆல்பத்துக்கும்கூட வேணும். ஏன்னு கடைசியில சொல்றேன்.

1839. பாரிஸில் டாகெர் என்பவருடைய முறை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. வெள்ளி பூசிய செம்புத் தகட்டில் முகம் அப்படியே பதியும். டாகெரோடைப் என்று பெயர். ஜனங்களுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஆனால் அதைக் கையில் வாங்கிப் பார்த்ததும் பலரும் கேட்ட கேள்வி, "நிறம் எங்கே?" என்பதுதான். கண்ணாடி முன்னாடி நின்னா நிறத்தோடதானே தெரியுறோம், இதில் மட்டும் ஏன் சாம்பலா இருக்கு? அதனால் ஸ்டூடியோக்காரர்கள் தூரிகையை எடுத்தார்கள். கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு, நகையில் கொஞ்சம் தங்கப் பொடி. நம்ம ஊர் ஸ்டூடியோக்களிலும் கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் கையால் நிறம் தீட்டிக் கொடுக்கும் வழக்கம் ரொம்ப காலம் இருந்தது. அழகாத்தான் இருக்கும். ஆனா அந்த நிறம் தீட்டினவரோட மனசுலேருந்து வந்தது.

இப்போ பாதிரியார். அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் லீவை ஹில் என்று ஒருவர் இருந்தார். பாப்டிஸ்ட் சபைப் பாதிரியார், டாகெரோடைப் எடுக்கவும் தெரிந்தவர். 1850களின் தொடக்கத்தில் அவர், "இயற்கை நிறத்திலேயே படம் எடுத்துவிட்டேன்" என்று அறிவித்தார். எப்படி என்று மட்டும் சொல்லவில்லை. கலர் வரப்போகிறதாம் என்று கேள்விப்பட்ட ஜனங்கள், போட்டோ எடுப்பதைத் தள்ளிப்போட ஆரம்பித்தார்கள். ஸ்டூடியோக்காரர்களுக்கு ஆத்திரம். ஏமாற்றுக்காரன் என்று பட்டம் கட்டினார்கள். 1856இல் அவர் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதைப் படித்து யாராலும் அவர் செய்ததைத் திருப்பிச் செய்ய முடியவில்லை. 1865இல் அந்தக் கெட்ட பெயரோடயே இறந்துபோனார்.

அவருடைய தகடுகள் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் பத்திரமாக இருந்தன. 2007இல் கெட்டி கன்சர்வேஷன் இன்ஸ்டிட்யூட் ஆய்வாளர்கள் அவற்றைக் கருவிகளால் சோதித்தார்கள். முடிவு சுவாரசியமானது. தகட்டில் சில நிறங்கள் உண்மையாகவே வேதிமுறையில் பதிந்திருந்தன, மங்கலாக. ஆனால் சில இடங்களில் கையால் சாயம் தடவி ஒப்பேற்றியும் இருந்தார். அதாவது பாதி கண்டுபிடிப்பு, பாதி ஜோடனை. கைவசம் இருந்த உண்மையை மட்டும் காட்டியிருந்தாலே போதும், மனுஷன் பேர் நின்னிருக்கும். பொறுமை போதலை. சாயத்தைத் தொட்டுட்டார்.

அடுத்து வருபவர் நிறத்தைப் பிடிக்கவே முயற்சி பண்ணவில்லை. கண்ணைப் பற்றி யோசித்தார். ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். பிளஸ் டூ இயற்பியலில் மின்காந்த அலைகள் பாடத்தில் அந்தப் பெயரைப் படிச்சிருப்பீங்க. நம்ம கண் எல்லா நிறங்களையும் மூன்று விதமான உணர்வுகளின் கலவையாகத்தான் பார்க்கிறது என்ற கருத்து அவருக்கு முன்பே இருந்தது. மேக்ஸ்வெல் 1855இல் அதிலிருந்து ஒரு படி மேலே போனார். கண்ணுக்கு மூன்று போதுமென்றால், போட்டோவுக்கும் மூன்று போதுமே?

இதைச் சமையல்கட்டிலிருந்தே புரிஞ்சுக்கலாம். ஒரு தட்டுல தக்காளியும் வெண்டைக்காயும் இருக்கு. சிவப்புக் கண்ணாடி வழியா அதைக் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தா, தக்காளி வெளிச்சமா விழும், வெண்டைக்காய் இருட்டா விழும். பச்சைக் கண்ணாடி வழியா எடுத்தா அப்படியே தலைகீழ். நீலக் கண்ணாடி வழியா மூணாவது படம். இப்போ உங்க கையில மூணு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கு. ஒன்னுலயும் நிறம் இல்லை. ஆனா எங்கெங்கே எவ்வளவு சிவப்பு, எவ்வளவு பச்சை, எவ்வளவு நீலம்ங்கிற கணக்கு முழுசா இருக்கு. சிவப்பு வடிகட்டி வழியா எடுத்ததைச் சிவப்பு வெளிச்சத்துல, பச்சையைப் பச்சையில, நீலத்தை நீலத்துல, ஒரே திரையில ஒன்னு மேல ஒன்னா விழ வெச்சா, தக்காளி தக்காளியா வந்து நிக்கும்.

1861 மே 17. லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் மேக்ஸ்வெல் இதைச் செய்தும் காட்டினார். படத்தை எடுத்துக் கொடுத்தவர் தாமஸ் சட்டன் என்ற போட்டோகிராபர். எடுத்த பொருள், ஸ்காட்லாந்துக்காரர்கள் உடுத்தும் கட்டம் போட்ட டார்ட்டன் துணியில் முடிந்த ஒரு ரிப்பன். நிறமுள்ள திரவங்களைக் கண்ணாடித் தொட்டியில் ஊற்றி, அவற்றையே வடிகட்டியாக வைத்து எடுத்தார்கள். மூன்று விளக்குகள், மூன்று படங்கள், திரையில் ரிப்பன் நிறத்தோடு தெரிந்தது.

இங்கதான் வேடிக்கை. அது நடந்திருக்கவே கூடாது. அந்தக் காலத்து போட்டோ ரசாயனத்துக்கு நீலமும் ஊதாவும்தான் கண்ணுக்குத் தெரியும். பச்சை கொஞ்சம் தெரியும். சிவப்பு சுத்தமாகத் தெரியாது. அப்படியென்றால் சிவப்புப் படம் எப்படி விழுந்தது? சரியாக நூறு வருஷம் கழித்து, 1961இல், கோடாக் நிறுவனத்தின் ரால்ஃப் எவன்ஸும் கூட்டாளிகளும் அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்த்து விடை கண்டார்கள். ரிப்பனில் இருந்த சிவப்புச் சாயம் புற ஊதாக் கதிர்களையும் பிரதிபலித்திருக்கிறது. சிவப்புத் திரவமும் அந்தக் கதிர்களைக் கொஞ்சம் உள்ளே விட்டிருக்கிறது. நம்ம கண்ணுக்குத் தெரியாத அந்த வெளிச்சம்தான் "சிவப்பு" என்ற பெயரில் தகட்டில் விழுந்திருக்கிறது. தத்துவம் நூறு சதவீதம் சரி, படம் விழுந்தது அதிர்ஷ்டத்தில். சிவப்பும் பச்சையும் நீலத்தின் அளவுக்கு நன்றாகப் பதியவில்லை என்பதை மேக்ஸ்வெல் மறைக்கவில்லை, அப்போதே சொல்லிவிட்டார். பாதிரியார் ஹில்லுக்கும் இவருக்கும் வித்தியாசம் அங்கதான்.

அடுத்து பிரான்ஸ். இரண்டு பேர், ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள். ஒருவர் லூயி டூகோ டு ஓரோன். இன்னொருவர் ஷார்ல் க்ரோ, கவிஞர். இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே யோசனை வந்தது. வெளிச்சத்தை மூன்று வடிகட்டிகளால் பிரிச்சுப் படம் எடுக்கிறது மேக்ஸ்வெல் வழிதான். ஆனால் திரும்பச் சேர்க்கும்போது விளக்கு வேண்டாம், மூன்று நிறச் சாயங்களை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டினால் காகிதத்திலேயே கலர் படம் கிடைக்கும் என்றார்கள். இன்னைக்கு உங்க வீட்டு பிரிண்டரில் போடுற மஞ்சள், மெஜந்தா, சயான் மை இருக்கே, அதுக்கு வேர் இங்கதான்.

க்ரோ தன் யோசனையை 1867இலேயே ஒரு உறையில் போட்டு முத்திரை வைத்து, பிரெஞ்சு அறிவியல் அகாடமியில் ஒப்படைத்திருந்தார். டூகோ டு ஓரோன் 1868இல் காப்புரிமை வாங்கினார். 1869 மே மாதம், ஒரே கூட்டத்தில், இரண்டு பேருடைய கட்டுரைகளும் பிரெஞ்சு போட்டோகிராபி சங்கத்தின் முன் வந்தன. யார் முதல் என்று சண்டை மூண்டிருக்கலாம். பெரிதாக மூளவில்லை. க்ரோவுக்கு இதே மாதிரி இன்னொரு அனுபவமும் உண்டு. ஒலியைப் பதிவு செய்யும் கருவிக்கான யோசனையை 1877இல் எழுதிக் கொடுத்தார், அதே வருஷம் எடிசன் கருவியையே செய்து காட்டிவிட்டார். இந்த பாட்காஸ்ட்டைக் கேட்கிற நீங்க அவருக்கும் ஒரு நன்றி சொல்லலாம்.

டூகோ டு ஓரோன் விடாமல் உழைத்தார். தெற்கு பிரான்ஸில் தான் வாழ்ந்த அஜான் ஊரை அவர் 1877இல் கலரில் எடுத்த படம் இன்றைக்கும் இருக்கிறது. மரங்கள், வீடுகள், தூரத்தில் தேவாலயம். ஆனால் அவர் கண்டுபிடிப்பு அவருக்குச் சோறு போடவில்லை. 1920இல் வறுமையில் இறந்தார். காரணம் திறமைக் குறைவு இல்லை. அவர் காலத்து ரசாயனத்துக்குச் சிவப்பு தெரியலை, அவ்வளவுதான். யோசனை முன்னாடி போயிடுச்சு, தகடு பின்னாடி நின்னுடுச்சு.

அந்தத் தகட்டுக்குக் கண் திறந்தது ஜெர்மனியில். 1873இல் பெர்லினில் ஹெர்மன் ஃபோகல் என்ற வேதியியலாளர், ரசாயனத்தோடு சில சாயங்களைக் கலந்தால் அதற்குப் பச்சையும் தெரிய ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடித்தார். அதற்கப்புறம் சாயம் சாயமாகத் தேடி, 1900களின் தொடக்கத்தில்தான் சிவப்பு வரைக்கும் ஒழுங்காகத் தெரிகிற தகடுகள் வந்தன. பெர்லினில் அதைக் கற்றுக்கொண்டு போனவர்களில் ஒருவர் செர்கேய் புரொகூதின்-கோர்ஸ்கி, ரஷ்யர்.

அவர் கேமரா நீளமான ஒரே கண்ணாடித் தகட்டில், மேலிருந்து கீழாக மூன்று படம் எடுக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிகட்டி. ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸ் இவர் வேலையைப் பார்த்து அசந்துபோய், இருட்டறை வசதியோடு ஒரு ரயில் பெட்டியையே கொடுத்தார். 1909இலிருந்து 1915 வரைக்கும் பேரரசு முழுக்கச் சுற்றினார். 1911இல் புகாராவின் அமீரை நீலப் பட்டு அங்கியோடு அவர் எடுத்த படத்தை நீங்க இணையத்தில் கட்டாயம் பார்த்திருப்பீங்க. போன வாரம் எடுத்த மாதிரி இருக்கும்.

அவர் எடுத்த ஆற்றுப் படங்களைப் பெரிசாக்கிப் பாருங்க. தண்ணீர் மேல் சிவப்பு, பச்சை, நீலக் கோடுகள் தனித்தனியாகத் தெரியும். மூன்று படங்களும் ஒரே நொடியில் எடுத்தவை இல்லை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் அலை நகர்ந்துவிட்டது. தலையை ஆட்டிய குழந்தையைச் சுற்றியும் அதே மாதிரி நிற ஓரம் இருக்கும். எனக்கு அந்தப் படங்களில் ரொம்பப் பிடிச்ச இடமே அதுதான். இந்த நிறம் யாரும் தீட்டினது இல்லை, அன்னைக்கு அந்த ஆத்து மேல விழுந்த வெளிச்சத்துலேருந்து வந்ததுங்கறதுக்கு அந்தக் கோடுகள்தான் கையெழுத்து.

புரட்சி வந்தது. அவர் நாட்டை விட்டுப் போனார், 1944இல் பாரிஸில் இறந்தார். 1948இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அவர் குடும்பத்திடமிருந்து தகடுகளை வாங்கியது. ஏறத்தாழ 1,900 தகடுகள். 2000க்குப் பிறகு கணினியில் மூன்று மூன்றாகச் சேர்த்தபோது, நிறம் புத்தம் புதுசாக வந்து நின்றது. ஏன் மங்கவில்லை? மங்குவதற்கு அதில் சாயமே கிடையாது. அவை வெறும் கறுப்பு வெள்ளைத் தகடுகள். நிறம் அதில் கணக்காக மட்டுமே இருந்தது.

சரி, இதெல்லாம் ரயில் பெட்டி கிடைச்சவங்களுக்கு. சாதாரண ஆள் எப்படி எடுப்பான்? அந்தப் பதில் லியோனிலிருந்து வந்தது. 1895இல் சினிமா காட்டிய அதே லூமியேர் சகோதரர்கள், அகஸ்த், லூயி. மூன்று தகட்டுக்குப் பதிலாக ஒரே தகட்டில் மூன்று வடிகட்டியையும் பொடிப்பொடியாகக் கலந்து தூவிவிட்டால் என்ன என்று யோசித்தார்கள். பொடிக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது உருளைக்கிழங்கு மாவு.

மாவைச் சலித்து, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள துகள்களை மட்டும் பிரித்து எடுத்தார்கள். ஒரு பங்கு ஆரஞ்சுச் சிவப்பு, ஒரு பங்கு பச்சை, ஒரு பங்கு ஊதா கலந்த நீலம். ஹோலிப் பொடி மாதிரி மூன்றையும் கலந்து, பசை தடவிய கண்ணாடி மேல் ஒரே அடுக்காகத் தூவினார்கள். இடுக்குகளில் கரித்தூள். பிறகு பலமாக அழுத்தித் துகள்களைத் தட்டையாக்கி, அதன் மேல் போட்டோ ரசாயனம். ஒரு சதுர அங்குலத்தில் சுமார் 40 லட்சம் துகள்கள். வெளிச்சம் துகள் வழியாகப் புகுந்துதான் ரசாயனத்தைத் தொடும். கழுவி எடுத்த தகட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், கண் அந்தப் புள்ளிகளைச் சேர்த்து ஒரு தோட்டமாக, ஒரு முகமாகப் பார்க்கும். 1907இல் கடைக்கு வந்தது. பெயர் ஆட்டோக்ரோம். யார் வேண்டுமானாலும் வாங்கித் தன் கேமராவில் போட்டுக்கொள்ளலாம்.

குறைகளும் இருந்தன. நல்ல வெயிலிலேயே ஒரு விநாடிக்கு மேல் அசையாமல் நிற்க வேண்டும். பிரதி கிடையாது, ஒரு தகடு உடைந்தால் அந்தப் படம் போச்சு. அப்படியும் அல்பேர் கான் என்ற பிரெஞ்சு வங்கியாளர், உலகத்து மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பதிவு செய்ய ஐம்பது நாடுகளுக்கு ஆட்களை அனுப்பினார். 1909 முதல் 1931 வரை 72,000 ஆட்டோக்ரோம்கள். அவர் அனுப்பிய ஸ்டெஃபான் பாஸே 1913-14இல் இந்தியாவுக்கும் வந்தார். 1929 பங்குச்சந்தை வீழ்ச்சிக்குப் பிறகு கான் எல்லாவற்றையும் இழந்தார். படங்கள் பாரிஸுக்குப் பக்கத்தில் அவர் பெயரிலேயே உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

உருளைக்கிழங்கு போயே போச்சுன்னு நினைக்காதீங்க. கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976இல் ஒரு காப்புரிமை வாங்கினார். டிஜிட்டல் சென்சார் மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளைக் கட்டம் கட்டமாகப் பதிக்கும் முறை. நம்ம கண் பச்சைப் பக்கம் கூர்மையாகப் பார்க்கும் என்பதால் பச்சைக்கு மட்டும் இரண்டு பங்கு. உங்க ஃபோன் கேமராவிலும் அநேகமாக இந்தக் கட்டமோ இதிலிருந்து வந்த ஒன்றோதான் இருக்கும். மாவுக்குப் பதில் கட்டம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போ அந்தக் கேள்விக்கு வருவோம். நிறம் எங்கிருந்து வந்தது?

கொஞ்ச நாள் முன்னாடி எங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல, பாட்டியோட கல்யாண போட்டோவை யாரோ ஒரு ஆப்ல போட்டுக் கலராக்கி அனுப்பினாங்க. எல்லாரும் ஹார்ட் போட்டாங்க. பாட்டி வெளிர் நீலப் புடவையில் இருந்தாங்க. பெரியம்மா மட்டும் ஒரு வரி போட்டாங்க. "அம்மாவுக்கு அது அரக்குப் பட்டு. நான் தொட்டுப் பார்த்திருக்கேன்." அதுக்கு அப்புறம் குரூப்ல கொஞ்ச நேரம் யாரும் பேசலை.

ஆப் பொய் சொல்லலை. அதுக்குத் தெரியாது, அவ்வளவுதான். சாதாரணக் கறுப்பு வெள்ளைப் படத்துல ஒரே ஒரு கணக்குதான் இருக்கு, வெளிச்சம் எவ்வளவுன்னு. அதே சாம்பலுக்குள்ள அரக்கும் இருக்கலாம், மயில் கழுத்து நிறமும் இருக்கலாம். லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகின மென்பொருள், பொதுவா எது பொருந்தும்னு ஊகிச்சு ஒரு நிறத்தைப் போடுது. ஸ்டூடியோக்காரர் தூரிகையால செஞ்ச அதே வேலைதான். புகாரா அமீரோட நீலம் வெளிச்சத்துலேருந்து வந்தது, பாட்டியோட நீலம் ஊகத்துலேருந்து வந்தது. ரெண்டும் ஸ்கிரீன்ல ஒரே மாதிரிதான் மின்னும். அதனாலதான் கேட்டுப் பார்க்கணும்ங்கிறேன். "நூறு வருஷத்துக்கு முந்தைய அரிய கலர் படம்"னு ஃபார்வர்ட் வரும்போது, எடுத்தப்போதே கலரா, பின்னாடி ஏத்தின கலரான்னு ஒரு நொடி யோசிங்க. கலராக்குறது தப்புன்னு நான் சொல்லலை. ஆசையா இருக்கும், செய்யுங்க. அது ஊகம்னு அதுலயே எழுதிடுங்க.

இன்னொன்னு அவசரமானது. உங்க வீட்டுல எண்பதுகள்ல எடுத்த கல்யாண ஆல்பம் இருந்தா எடுத்துப் பாருங்க. பல படங்கள் செம்மண் நிறத்துக்கு மாறியிருக்கும். அந்தப் பிரிண்டுகள்ல நிறம் சாயமா இருக்கு. பலதுல சயான் சாயம் முதல்ல வெளுத்துடும், சிவப்பு மட்டும் மிஞ்சி நிக்கும். பீரோவுக்குள்ள இருட்டுல வெச்சாலும் வெளுக்கும், நம்ம ஊர் சூட்டுல இன்னும் சீக்கிரமா. 1911இல் எடுத்த அமீர் பளிச்சுனு இருக்கார், 1985இல் எடுத்த சித்தப்பா மங்கிக்கிட்டே இருக்கார்.

அதனால இந்த வார இறுதியில அந்த ஆல்பத்தை ஸ்கேன் பண்ணுங்க, நெகட்டிவ் கிடைச்சா அதையும் சேர்த்து. அப்புறம் படத்துல இருக்கிறவங்க பக்கத்துல உட்கார்ந்து கேளுங்க. இந்தப் புடவை என்ன நிறம்? பந்தல்ல என்ன பூ? வீட்டுச் சுவருக்கு என்ன பெயின்ட் அடிச்சிருந்தீங்க? அவங்க சொல்றதைப் படத்துக்குப் பின்னாடி பென்சில்ல மெதுவா எழுதி வைங்க, பேனா வேண்டாம். எந்த ஆப்புக்கும் தெரியாத கணக்கு அவங்ககிட்டதான் இருக்கு.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். வணக்கம்.